கொத்தமல்லி தருகிற வீடு

காலையில் எழும்பியதும் றேமண்ட் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பேர்?" என்பதுதான்.

வாய் கொப்பளித்திருக்க மாட்டார். பால் விடாத பிளேன்ரீயும் கைக்கு வந்திருக்காது. முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருக்கிற மனைவி யோசெப்பின், திரும்பிப் பாராமலே பதில் சொல்லுவாள். "நானூத்திப் பன்னிரண்டு." இன்னொரு நாள் "முன்னூத்தித் தொண்ணூறு." அந்தோனியார் திருநாள் கிட்ட வந்தால் ஆயிரத்தையும் தாண்டும்.

"ஆர் எண்ணினது?"

"அதுவே எண்ணுது."

"அதுவே வந்து அதுவே எண்ணி அதுவே சொல்லுதாக்கும். ஹாபர்ல நாங்க அப்படி விட்டிருந்தா ஒரு கப்பல் சீனியில ஒரு கரண்டியும் கரைக்கு வந்திராது."

இதைச் சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவப் போவார். பதினொரு வருஷமாக இதே கதை. யோசெப்பினுக்கும் இதைக் கேட்காவிட்டால் விடிந்த மாதிரி இருக்காது.

றேமண்ட் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்துக் கிட்டங்கிகளில் காவல் வேலை. கடைக்காரனின் தராசை நம்பமாட்டார். டாக்டர் எழுதுகிற துண்டை நம்பமாட்டார். மழை வரும் என்று றேடியோ சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். கொட்டாஞ்சேனையில் அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும், யாரும் கோபிப்பதில்லை. அவர் நம்பிய ஒரே ஆள் யோசெப்பின். அவளிடமும் "உண்மையாத்தானா?" என்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்.

அவள் படித்தவள். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்து பென்ஷன் எடுத்தவள். அந்த வருஷம் ஒரு புதன்கிழமை, பஸ் தரிப்பில் ஒரு பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். பதுளையிலிருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு, மூன்று பஸ் மாறி, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நவநாள் பூசைக்கு வந்திருக்கிறாள். நவநாள் செவ்வாய்க்கிழமை. அது அவளுக்குத் தெரியாது. யோசெப்பின் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு கொடுத்து அனுப்பினாள். பிறகு கம்ப்யூட்டரில் இருந்து இரண்டு கிழமையாகத் தட்டித் தட்டி இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைச் செய்தாள்.

அதற்குப் பெரிய பெயர் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பக்கம். என்னென்ன நேரம் பூசை, கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது, பெண்களுக்குக் கக்கூஸ் எங்கே, முட்டுக்கால் நோவு உள்ளவர்கள் எந்த வாசலால் போனால் படி குறைவு, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், ஆகவே பெரிய பை கொண்டு வரவேண்டாம். எல்லாம் அவள் நடந்து பார்த்து எழுதியது. கக்கூஸ் பூட்டிக்கிடந்தால் அதையும் அன்றைக்கே எழுதிவிடுவாள். தேடுகிறவர்களுக்கு முதல் வரிசையில் அவளுடைய பக்கம்தான் வரும்.

பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். வரமுடியாதவர்கள் அதில் தங்கள் மன்றாட்டை எழுதலாம். செவ்வாய்க்கிழமை யோசெப்பின் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஒவ்வொரு மெழுகுதிரி கொளுத்துவாள். நாற்பது பேர் எழுதினால் நாற்பது திரி. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவர் றேமண்ட்.

"இத்தனை பேரையும் ஒரே நேரத்தில சொன்னா அந்தோனியாருக்குக் காது அடைச்சுப் போகும்" என்று முணுமுணுப்பார். ஆனால் ஒரு கிழமை கழித்துச் சாப்பிடும்போது மெல்லக் கேட்பார். "அந்தப் பசறைப் பிள்ளை, நேர்ஸிங்குக்கு எடுபட்டதா?" இல்லாவிட்டால், "ஹெந்தளையில பூனை துலைச்சவள் பிறகு எழுதினவளா?" நாற்பது பேருடைய கஷ்டமும் அவருக்குப் பாடம்.

போன வருஷம் பங்குனி போல இந்தக் கணக்கு இறங்கத் தொடங்கியது. முன்னூறு, இருநூற்றுச் சொச்சம். "மழைதானே" என்றாள் யோசெப்பின். மழை விட்டது, எண்ணிக்கை ஏறவில்லை. எண்பது. நாற்பது. கடைசியில் ஒரு நாள் காலை அவர் கேட்டபோது அவள் கதிரையைத் தள்ளி வழி விட்டாள். றேமண்ட் கிட்டப்போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பதினொன்று.

"ஆக்கள் கோயிலுக்கு வாறது குறைஞ்சு போச்சா?"

"செவ்வாய்க்கிழமை நீங்களே பாத்தீங்கதானே. நிக்க இடமில்ல."

"அப்ப?"

அவள் காட்டினாள். 'கொச்சிக்கடை நவநாள் எப்படிப் போவது' என்று தட்டினாள். முந்தி என்றால் வரிசையாகப் பெயர்கள் வரும், மேலே அவளுடையது. இப்போது எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் நேரம், பஸ், வாசல், பை என்று எல்லாம் சொந்தக் கதைபோல எழுதிக்கிடந்தது.

"இது ஆர் எழுதினது?"

"ஆக்களில்ல. மெஷின். எல்லாரும் எழுதினதை வாசிச்சு அதுவே பதில் சொல்லுது. அதைப் பாத்தாப் போதும்தானே, பிறகு ஏன் கீழ இறங்கி என்ட பக்கத்துக்கு வரணும்?"

றேமண்ட் சட்டைப் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்துப் போட்டார். எழுத்துக்கூட்டி வாசித்தார். 'முழங்கால் வலி உள்ளவர்கள் பக்க வாசலைப் பயன்படுத்தலாம்.'

"இது உன்ட முட்டுக்கால்" என்றார். "நீ நொண்டி நொண்டிக் கண்டுபிடிச்ச வாசல்."

"ஓம்."

"களவு."

"விடுங்க. வாறவங்களுக்கு வழி தெரிஞ்சாப் போதும்தானே."

அவள் அப்படிச் சொன்னாளே தவிர, அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை றேமண்ட் மறக்கமாட்டார். கட்டத்தில் ஒரு மன்றாட்டும் வந்திருக்கவில்லை. யோசெப்பின் ஒரே ஒரு திரியை வாங்கினாள். அதை யாருக்காகக் கொளுத்துவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முன்னால் நின்ற ஒரு முன்பின் தெரியாத கிழவியிடம் கொடுத்துவிட்டு, "வாங்க போவம்" என்றாள். பூசை பாதிகூட முடியவில்லை. றேமண்டின் தோளில் வெறும் பை காற்றில் ஆடிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். "அடுத்த மாசம் முப்பதாம் திகதி அந்தப் பக்கத்துக்குக் காசு கட்டிப் புதுப்பிக்கணும். இந்த முறை விட்டிரப் போறன்."

"மூடப் போறியா?"

"ஆளில்லாத கடையைத் திறந்து வச்சு என்ன செய்ய?"

அவர் சாய்மனைக் கதிரையில் போய்ச் சாய்ந்தார். அந்தக் கதிரையில் அவரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. பாதர் வீடு மந்திரிக்க வந்தபோதுகூட அவருக்கு வேறு கதிரைதான்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை "எத்தனை பேர்?" என்று கேட்கவில்லை. நேரே வந்து, "மூட்டைக்கு நீலம் வைப்பம்" என்றார்.

யோசெப்பினுக்கு விளங்கவில்லை.

"கிட்டங்கியில சீனி மூட்டை காணாமப் போகும். ஆர் எடுத்தாலும் ஏற்கமாட்டான். எல்லா மூட்டையும் ஒண்டுபோலதானே? நான் என்ன செய்தன்? தையலுக்கு உள்பக்கம் உடுப்புக்குப் போடுற நீலத்தில ஒரு பொட்டு வச்சன். பிறகு கடையில போய்த் தையலைப் பிரிச்சுப் பாத்தன். நீலம் இருந்தது. பிடிச்சிட்டன்."

"அதுக்கு?"

"உன்ட பக்கத்தில ஒரு பொய்யை எழுது. உலகத்தில வேற எங்கயும் இல்லாத பொய். அந்தப் பெட்டியும் அதையே சொல்லிச்செண்டா உன்னட்டத்தான் எடுக்குறான் எண்டு தெரியும்."

"சும்மா போங்க! அந்தோனியாரைப் பத்தி எழுதுற பக்கத்தில பொய்யா? பிழையான நேரத்தைப் போட்டு இன்னொரு பதுளைப் பிள்ளையை ரோட்டில அழவிடவா?"

அது நியாயம். றேமண்ட் தலையைச் சொறிந்தார். "சரி. பொய் வேணாம். இங்க தாறம் எண்டு எழுது."

"என்னத்தை?"

"எதையாவது. கொத்தமல்லித் தண்ணி. சவேரியார் ஒழுங்கை, பச்சைக் கேற் வீடு, செவ்வாய்க்கிழமைகளில கொத்தமல்லி அவிச்ச தண்ணி கிடைக்கும் எண்டு போடு."

"நாங்க எங்க குடுக்குறம்?"

"ஆரும் வந்து கேட்டா அவிச்சுக் குடுக்கிறது. அப்ப பொய்யில்லையே? ஆரும் வரப்போறதுமில்ல. பதினொரு பேர்தானே பாக்கிறாங்க."

யோசெப்பினுக்குச் சிரிப்பு வந்தது. கன நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதற்காகவே எழுதிவிடலாம் போல இருந்திருக்க வேண்டும், எழுதினாள். ஒரே ஒரு வரி.

அதன் பிறகு றேமண்ட் காலையில் கேட்கிற கேள்வி மாறியது. "பிடிபட்டானா?"

"இல்ல."

ஒன்பதாம் நாள் யோசெப்பின் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது. 'அருகிலுள்ள சவேரியார் ஒழுங்கையில், பச்சை வாயில் கொண்ட ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமைகளில் யாத்திரிகர்களுக்குக் கொத்தமல்லிப் பானம் வழங்கப்படுகிறது. களைத்தவர்கள் அங்கு ஓய்வெடுக்கவும் முடியும்.'

"நீலம்!" என்று றேமண்ட் கையைத் தட்டினார். "பாத்தியா? நீலம்!"

"ஓய்வெடுக்கலாம் எண்டு நான் எழுதல்லையே" என்றாள் யோசெப்பின். திரும்பத் திரும்ப வாசித்தாள். "அதை அதுவா சேத்திருக்கு."

"பாரன், களவெடுத்த மூட்டையில தன்ட கையால ஒரு சுண்டு சீனி கூட்டியும் போட்டிருக்கான். இப்பிடி ஒரு கள்ளனை நான் ஹாபர்ல கண்டதில்ல."

"சரி, பிடிச்சாச்சு. இப்ப ஆரிட்டப் போய்ச் சொல்லப்போறீங்க? பொலிசிலயா? என்ன எண்டு என்ட்ரி போடுறது, கொத்தமல்லி களவு போச்செண்டா?"

அங்கேதான் றேமண்ட் அடைபட்டுப் போனார். ஹாபரில் கள்ளனைப் பிடித்தால் சட்டைக் கொலரில் பிடிக்கலாம். இவனுக்குக் கொலரும் இல்லை, கழுத்தும் இல்லை. யோசெப்பின் கம்ப்யூட்டரை மூடினாள். அவளுடைய முகம் பழையபடி வந்துவிட்டது. முப்பதாம் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி போல, பச்சைக் கேற்றை யாரோ தட்டினார்கள்.

றேமண்ட் திறந்தார். நெற்றியில் திருநீறு, கையில் சின்னப் பை, வியர்த்துக் குளித்த ஒரு அம்மா. அவருக்குப் பின்னால், பொல்லூன்றிக்கொண்டு, கேற் அகலத்துக்கு ஒரு ஐயா.

"தம்பி, கொத்தமல்லி குடுக்கிற வீடு இதுதானே?" என்றார் அந்த அம்மா. எழுபத்து நாலு வயது றேமண்டைத் தம்பி என்று கூப்பிட்டு எவ்வளவோ காலம். அதிலேயே அவருக்குப் பாதிப் பேச்சு போய்விட்டது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"போன்ல கேட்டனான். அது சொன்னது. நாங்கள் வெள்ளவத்தையில இருந்து வாறம். இவருக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரியில கால் ஒப்பரேஷன் செய்து நாலு மாசந்தான். கொஞ்சம் ஆறலாம் எண்டும் போட்டிருந்தது."

உள்ளிருந்து யோசெப்பின் எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அவள் குசினிக்குள் கொத்தமல்லி டின்னை உருட்டுகிற சத்தம் கேட்டது.

ஐயா வாசற்படியில் காலை வைத்தார். மழை வெள்ளம் வராமலிருக்க றேமண்ட் தன் கையால் உயர்த்திக் கட்டிய படி அது. கால் தட்டுப்பட்டு ஆள் சரியப்பார்த்தது. றேமண்ட் பாய்ந்து பிடித்தார். பிடித்தவர் பாரம் தாங்காமல், பக்கத்தில் எது இருந்ததோ அதில் இருத்தினார். அது சாய்மனைக் கதிரை.

இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணியும், கடித்துக்கொள்ளச் சக்கரைத் துண்டும் வந்தபோது, அந்த ஐயா, பெயர் பொன்னம்பலம், வாயைத் திறந்தபடி நித்திரை.

"எழுப்பவா?" என்றார் மனைவி அன்னபாக்கியம், சங்கடத்தோடு.

"எழுப்பாதீங்க, அக்கா" என்றாள் யோசெப்பின், றேமண்டின் முகத்தைப் பார்த்துவிட்டு. "அது நித்திரைக்கு நல்ல கதிரை."

குடித்துக்கொண்டே அன்னபாக்கியம் வந்த விஷயத்தைச் சொன்னார். வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காணவில்லை. களவு போகும் என்ற பயத்தில் இந்த மனுசன்தான் எங்கேயோ பத்திரமாக வைத்தவர். ஒப்பரேஷனுக்குப் பிறகு எங்கே வைத்ததென்று அவருக்கே நினைவில்லை. நாலு மாதமாக வீடு முழுக்கப் பிரட்டிப் பார்த்தாயிற்று. துலைந்த சாமானுக்கு அந்தோனியார்தான் என்று பக்கத்து ஃபிளட்டில் சொன்னார்கள்.

"அலுமாரியில வச்சிருக்க மாட்டார்" என்றார் றேமண்ட். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. "கள்ளன் முதல்ல பாக்கிறது அலுமாரி. மெத்தைக்குக் கீழயும் இல்ல. வீட்டில ஆரும் திறக்காத பெட்டி என்ன இருக்கு? குக்கர் வாங்கின பெட்டி, மிக்ஸி வாங்கின பெட்டி?"

"பரணில கிடக்கு. வெறும் பெட்டிதானே எண்டு..."

"வெறும் பெட்டியைத்தான் நான் எண்டாப் பாப்பன்."

யோசெப்பின் ஒரு கொப்பியை எடுத்து, அன்னபாக்கியம், வெள்ளவத்தை, வீட்டு உறுதி என்று எழுதினாள். "நீங்க கொளுத்தினது உங்கட. பின்னேரம் நானும் போய் ஒண்டு கொளுத்துறன்." அன்று பின்னேரம் றேமண்டின் பைக்குள் ஒரு திரி இருந்தது. யாருக்கென்று தெரிந்த திரி.

அடுத்த கிழமை நாலு பேர். அதில் ஒருத்தி நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெண். "மேகத அங்கிள், கொத்தமல்லி தென கெதற?" இதுதானா கொத்தமல்லி தருகிற வீடு என்று கேட்டுக்கொண்டு நின்றாள். யோசெப்பின் திகைத்துவிட்டாள். அவளுடைய பக்கம் முழுக்கத் தமிழ். பதினொரு வருஷத்தில் ஒரு சிங்கள எழுத்து அதில் வந்ததில்லை.

"உனக்கு எப்படி மகள் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அந்தப் பெண் போனைக் காட்டினாள். அந்த ஒரே வரி, சிங்களத்தில், ஓய்வெடுக்கலாம் உட்பட.

"கள்ளன் பாஷையும் படிச்சவன்" என்றார் றேமண்ட். குரலில் முந்திய காரம் இல்லை.

அந்தக் கிழமை கொப்பியில் நாலு பெயர். ஒருத்தியின் புருஷன் குடி. ஒருவருக்குக் கண். கொலன்னாவையிலிருந்து வந்த பையக் கதைக்கிற மனுசன் ஒருவர், ஒன்றும் சொல்ல விருப்பமில்லை, பெயரை மட்டும் எழுதுங்கள் என்றார். எழுதினாள். மூன்றாம் கிழமை அன்னபாக்கியம் தனியாக, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வாசலில் நின்றே கத்தினார்.

"குக்கர் பெட்டிக்குள்ள! அந்தோனியார் காட்டித் தந்திட்டார்!"

றேமண்ட் வாயைத் திறந்தார். யோசெப்பின் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தார்.

முப்பதாம் திகதி காலை யோசெப்பின் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். றேமண்ட் பின்னால் வந்து நின்றார். எத்தனை பேர் என்று கேட்கப் பயமாக இருந்தது. வேறொன்றைக் கேட்டார்.

"மூடுறியா?"

"பக்கத்துக்கு நேத்து வந்தது ஏழு பேர்."

"அதைக் கேக்கல்ல. மூடுறதெண்டா மூடு. அதுக்கு முந்தி ஒண்டு எழுது. படி உயரம் எண்டு எழுது. ஆறு அங்குலத்துக்கு மேல. கையைப் பிடிச்சு ஏறச் சொல்லு."

"மூடுற பக்கத்தில என்னத்துக்கு எழுதணும்?"

"மூடினா அந்தப் பெட்டி எதைப் பாத்துச் சொல்லும்?" றேமண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்குக் கண்ணிருக்கா, காலிருக்கா? கக்கூஸ் பூட்டிக்கிடக்கிறது அவனுக்குத் தெரியுமா? நீ எழுதாட்டி அவன் பழசையே சொல்லிக்கொண்டிருப்பான். ஆரும் ஒருத்தி படியில விழுந்து மண்டையை உடைச்சா? கள்ளனா இருக்கட்டும். சரியான சாமானைக் களவெடுக்கட்டுமே!"

யோசெப்பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முந்தநாளே புதுப்பிச்சிட்டன்" என்றாள்.

"உண்மையாத்தானா?"

"உண்மையாத்தான். சொல்லுங்க, இன்னும் என்ன எழுதணும்?"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தார். படி உயரம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு வந்தால் தண்ணி ஆறியிருக்கும். பை எதையும் வாசலில் வைக்கவேண்டாம், ஒழுங்கையில் எல்லாரும் நல்லவர்களில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் தட்டினாள்.

"கடைசியா ஒண்டு. சாய்மனைக் கதிரை வீட்டுக்காரருக்கு உரியது. அதைப் போடு."

அவள் தட்டினாள்.

"வாசி பாப்பம்."

"போட்டாச்சு எண்டுறன்தானே."

றேமண்ட் நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டு, விரலைத் திரையில் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். மெல்ல வாசித்தார். 'கால் நோவு உள்ளவர்களுக்குச் சாய்மனைக் கதிரை உண்டு. வீட்டுக்காரர் தானே எழும்பி இடம் தருவார்.'

அவர் யோசெப்பினைப் பார்த்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது.

"இதையும் அவன் களவெடுப்பான்" என்றார்.

"எடுக்கட்டும்."

றேமண்ட் எழும்பிக் குசினிக்குப் போனார். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. மேல்தட்டிலிருந்து பெரிய சட்டியை இறக்கி, அதன் அடியைத் தட்டி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.